ஒரு ஷாக் ஒழுகினால் நான்கையும் மாற்றணுமா?

கேள்வி: எங்களிடம் 2012 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் பெட்ரோல் கார் இருக்கிறது. 1,15,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. இடது பக்க ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்சக்கர அமைப்பு) ஆயில் ஒழுகுவதைக் காட்டி, நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வேறொரு கடையில் ரீகண்டிஷன் செய்த ஷாக்கை பாதி விலைக்குத் தருகிறோம் என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகனோ ஸ்போர்ட்ஸ் கேஸ் ஷாக் போடலாம் என்கிறான். பின்சீட்டில் உட்காரும் என் அம்மாவுக்கு முதுகுவலி உண்டு. ஐந்து பேரும் சாமான்களுமாகக் கிளம்பினால் வண்டியின் பின்பக்கம் தரையில் இடிக்கிறது. அதற்கு ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். எதை வாங்குவது? - வாசகர், தென்காசி

பதில்: எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எது கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. முன்பக்கச் சத்தம் ஒன்று, ஆயில் ஒழுகல் ஒன்று, பின்பக்கம் தாழ்வது இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே மருந்தாக நான்கு ஷாக்கை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே செய்தால் ஆயில் ஒழுகல் மட்டும் தீரும். சத்தமும் பின்பக்கம் தரையில் இடிப்பதும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான், ஷாக் இல்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்ததும் ஸ்பிரிங் தன் போக்கில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. அதனால் தாழ்ந்துபோன வண்டியை ஷாக் மாற்றி உயர்த்த முடியாது.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். ஷாக்கின் மேல்பகுதியில் லேசான ஈரப்பசையும் அதில் தூசியும் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையமான சீலைத் தாண்டி பிஸ்டன் ராடு ஏறி இறங்கும்போது கொஞ்சம் எண்ணெய்ப் பசை வெளியே வருவது இயல்பு. துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் வழிந்து கீழ்வரை நனைந்திருந்தால் சீல் போய்விட்டது, அந்த ஸ்ட்ரட்டை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது வலது பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதாகவும் மறு பக்கம் தளர்ந்தும் இருந்தால், அவசரமாக பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் இரண்டு சக்கரமும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஜோடியாக மாற்றுவதுதான் முறை. முன் ஜோடி போனதால் பின் ஜோடியும் போயிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பது நம் ஊரில் எல்லோரும் செய்யும் சோதனை. ஷாக் முழுக்கச் செத்துப்போயிருந்தால் மட்டும்தான் அதில் தெரியும். காரின் உடம்பு ஆடுவது நொடிக்கு ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை தடவை. மோசமான ரோட்டில் சக்கரம் குதிப்பதோ நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை. டயர் ரோட்டை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது ஆட்டத்தில்தான், கையால் அமுக்கி அதைப் பார்க்க முடியாது. டயரைத் தடவிப் பாருங்கள். சுற்றளவு நெடுக அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்து ஷாக் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். பின் ஷாக்கிலும் ஆயில் வழிந்திருந்தாலோ, பின் டயர் இப்படித் தேய்ந்திருந்தாலோ உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, நான்கையும் மாற்றிவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் பின் ஜோடி இன்னும் கொஞ்ச காலம் ஓடட்டும். 80,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள் என்று ஷாக் தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய கணக்காகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்த 'டக் டக்'. இந்த வயதுள்ள காரில் இந்தச் சத்தம் பெரும்பாலும் ஷாக்கிலிருந்து வருவதில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது லிங்க் ராடை, அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னக் கம்பியை. அதன் இரண்டு முனையிலும் இருக்கும் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தேய்ந்தால், மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்தில்கூடத் தட்டும். இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு, கராஜ் இருக்கும் தெருவுக்குள்ளேயே மெக்கானிக்கை மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆள் பிடிபட்டுவிட்டது. அடுத்தது ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுண்டும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் சுழல உதவும் அதன் பேரிங்கும். வண்டி நிற்கும்போது பானெட்டைத் திறந்துவைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை திருப்பட்டும். மேலே மவுண்ட் துள்ளினாலோ ஸ்பிரிங் 'டொய்ங்' என்று விடுபட்டாலோ பேரிங் இறுகிவிட்டது. அதன்பிறகு சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பால் ஜாயின்டையும் லீவர் போட்டு நெம்பிப் பார்க்க வேண்டும். இத்தனையும் பார்க்க அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் ஷாக்கை மட்டும் மாற்றிக்கொண்டு அதே சத்தத்தோடு வீடு திரும்புபவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, எதை வாங்கலாம்? உங்கள் வண்டிக்கும் உங்கள் தேவைக்கும், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே தன்மையுள்ள சாதாரண ஷாக்தான் சரி. மாருதி ஜெனுயின் பார்ட்ஸில் வாங்கலாம். கேப்ரியல், மன்றோ, கேஒய்பி போன்ற பெயருள்ள தயாரிப்பில் உங்கள் மாடலுக்கென்றே வரும் பாகம் கிடைத்தால் அதையும் தயங்காமல் போடலாம். இவற்றுக்குள் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சரியான பார்ட் நம்பரும் போலி இல்லாத பெட்டியும்தான் முக்கியம். எஞ்சின் எடை வேறு என்பதால் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு முன் ஸ்ட்ரட்டின் பார்ட் நம்பர் வேறாக இருக்கலாம். இடது ஸ்ட்ரட் வேறு, வலது ஸ்ட்ரட் வேறு. ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியில் எம்.ஆர்.பி.யும் தயாரித்த மாதமும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். வாரண்டி கேட்டுப் போக அந்த பில்தான் கைகொடுக்கும்.

ரீகண்டிஷன் ஷாக் வேண்டவே வேண்டாம். பழைய ஷாக்கைத் திறந்து, புது சீல் வைத்து, ஏதோ ஒரு எண்ணெயை ஊற்றி, வெல்டிங் வைத்து பெயின்ட் அடிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. உள்ளே தேய்ந்த வால்வு தேய்ந்தபடியே இருக்கும். ராடில் குரோம் அரித்த புள்ளிகள் புது சீலையும் சீக்கிரமே கிழித்துவிடும். மாட்டிய அன்று வண்டி டைட்டாகத் தெரியும், அதை நம்பி ஏமாற வேண்டாம். கழற்றி மாட்டும் கூலியும், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செலவும் இரண்டு தடவை ஆகும் என்று கணக்குப் போட்டால் அந்தப் பாதி விலையில் லாபமே இல்லை.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கேஸ் ஷாக்கிலும் வேலை செய்வது எண்ணெய்தான். மோசமான ரோட்டில் வேகமாகத் தட்டுப்படும்போது எண்ணெய் நுரைத்துவிடும், நுரை துளை வழியாக எளிதாக ஓடிவிடுவதால் ஷாக்கின் பிடி தளரும். அந்த நுரையைத் தடுக்கத்தான் உள்ளே நைட்ரஜனை அழுத்தி அடைக்கிறார்கள். இப்போது விற்கும் சாதாரண ஷாக்குகள் பலவற்றிலும் குறைந்த அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது, அது போதும். ஸ்போர்ட்ஸ் வகை ஷாக் வளைவில் காரைத் தட்டையாகப் பிடிக்கும் என்பது உண்மை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் தனியாக ஓட்டும்போது அவனுக்கு ரசிக்கும். ஆனால் ஒவ்வொரு சின்ன அடியும் பின்சீட்டில் உங்கள் அம்மாவின் முதுகுக்குத்தான் போகும். இது அவருக்கான வண்டியும்தானே.

ரப்பர் பஃபருக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவே அதைச் செருகினால் அந்தச் சுற்றுகள் வேலை செய்வதை நிறுத்திவிடும். மிச்சச் சுற்றுகள் அதிகமாக வளைந்து கொடுக்க வேண்டிவரும், ஸ்பிரிங் கடினமாகும், வண்டி தூக்கிப் போடும். மறுபடியும் அம்மாவுக்குத்தான் வலி. டிசையரில் பின் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்பது உங்களுக்கு வசதி. காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்து தெரிந்தால் பின் ஸ்பிரிங் இரண்டையும் கம்பெனி அளவிலேயே புதிதாகப் போடுங்கள். கூடவே, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரையும் பாருங்கள். இந்த வயதில் அது நொறுங்கிக் காணாமலே போயிருக்கலாம், தடதடவென்று இடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்பிரிங் நன்றாக இருந்தும் ஐந்து பேரும் ஏறினால் இடிக்கிறது என்றால், டிக்கியில் ஏற்றும் சாமானைக் குறைப்பதைத் தவிர வழி இல்லை.

முன் ஸ்ட்ரட்டை மாற்றும்போது மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் நான்கையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஸ்ட்ரட்டை எப்படியும் பிரிக்கத்தான் போகிறார்கள், பின்னால் பேரிங்குக்காக மறுபடி பிரித்தால் கூலி முழுசாகப் போகும். இந்த வேலையை வீட்டில் முயல வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவி உள்ள கராஜாகப் பாருங்கள். புது ஷாக்கின் ராடை பிளையரால் பிடித்து நட்டை முறுக்கினால் குரோமில் கீறல் விழும், சில மாதத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். எனவே மெக்கானிக் பக்கத்தில் நின்று அதைப் பாருங்கள், தப்பே இல்லை. பின்பக்கத்தையும் மாற்றினால், ஷாக்கின் கீழ் போல்ட்டை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். வண்டியைத் தூக்கி சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிரேக் ஹோஸ் பழைய இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே வீல் அலைன்மென்ட் செய்துவிடுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கக்கூடும்.

இத்தனை செலவுக்கும் முன்னால், இன்றைக்கே டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், ஐந்து பேர் போவதற்கான அளவும் அதிலேயே உண்டு. பங்க்கில் கேட்காமலே அதற்கு மேல் அடித்துவிடுகிறார்கள். காற்று கூடினால் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் பின்சீட்டில் தூக்கிப் போடும். காலையில் வண்டி ஓடும் முன், டயர் சூடாகாதபோது அளந்து, கூடுதலாக இருந்தால் இறக்கிவிட்டு, அம்மாவை ஒரு சுற்று கூட்டிப் போய்விட்டு வாருங்கள்.