ஏழு பேர் ஏறிய பிறகு காரில் பைகளை எங்கே வைப்பது? ஷோரூமில் சொல்லாத வசதிகள் என்னென்ன?

கேள்வி கேட்டவர் புதிதாக ஏழு சீட் கார் வாங்கியிருக்கிறார். ஆட்கள் ஏறியதும் பை வைக்க இடமில்லை, மேலே கேரியர் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார். கேரியருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

எங்களுடையது மாருதி எர்டிகா, 2018-இல் வந்த இரண்டாம் தலைமுறை மாடல். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பா, அம்மா, அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று கிளம்பினாலே வண்டி நிறைந்துவிடும். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் இதன் டிக்கி 209 லிட்டர்தான். கடைசி வரிசையை மடக்கினால் 550, நடு வரிசையையும் மடக்கினால் 803. ஆள் வேண்டுமா, சாமான் வேண்டுமா என்று வண்டியே கேட்பதாகத் தோன்றும். ஆனால் கடைசி வரிசை இரண்டு பாதியாகப் பிரிந்து மடங்கக்கூடியது. ஒரு ஆள் குறைந்தாலும் போதும், ஒரு பாதியை மடக்கிப் பெரிய சூட்கேஸைப் படுக்கவைத்துவிடலாம். நடு வரிசை முன்னும் பின்னும் நகரும் என்பதே பலருக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் பின்னால் இருப்பவருக்கு முட்டி இடிக்காது. அத்தைக்கு முட்டி வலி என்பதால் எங்களுக்கு இது சீக்கிரமே தெரிந்துபோயிற்று.

அப்புறம் டிக்கியின் தரை. கண்ணுக்குத் தெரிவது தரை இல்லை, மூடிப் பலகை. அதைத் தூக்கினால் கீழே பள்ளம் இருக்கிறது. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் வெளிப்பக்கம் தொங்குவதால் இந்தப் பள்ளம் நமக்கு மிச்சம். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டர் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அவர்களுக்கு இந்த யோகம் இல்லை. நாங்கள் அதில் குடை, கயிறு, துணிப்பைகள், பழைய துண்டு, ஒரு பிளாஸ்டிக் டப் வைத்திருக்கிறோம். டப் எதற்கு என்றால், முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கினால் அந்தப் பையை அதற்குள்தான் இறக்க வேண்டும். ஐஸ் உருகி ஒரு சொட்டு கார்ப்பெட்டில் இறங்கினாலும் போதும், எத்தனை வாசனை பாட்டில் தொங்கவிட்டாலும் போகாது. ஆல்பேட்டை சோதனைச்சாவடி வழியாகப் புதுச்சேரிக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தப் பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே நிற்கும் போலீஸுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்!

எந்தப் பொருளாக இருந்தாலும் கனமானது கீழே, ஏதாவது ஒரு சீட்டின் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். பலாப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் பண்ருட்டிப் பக்கம் போனால் ஒரு பழமாவது ஏற்றாமல் வருகிறோமா? அதை முன்சீட்டில் வைத்து வண்டியை எடுத்தால் டிங் டிங் என்று கத்த ஆரம்பித்துவிடும். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம் என்பதால், சீட்டில் எடை விழுந்ததும் ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. பழத்துக்கு பெல்ட் போட்டால் அடங்கிவிடும். "மாப்பிள்ளைக்குப் போடுற மாதிரி போடுறான் பாரு" என்று அம்மா சிரிப்பார். சிரிக்கட்டும், பெல்ட் போட்ட பழம் பிரேக் அடித்தாலும் நகராது. அதைவிட நல்ல இடம் முன்சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் தரை.

சாம்பார் தூக்கு, பாயசத் தூக்குக்கும் அதே இடம்தான். தூக்கைத் தரையில் வைத்து, முன்சீட்டை மெதுவாகப் பின்னால் நகர்த்தி, அது அசையாத அளவுக்கு அணைத்து நிறுத்துங்கள். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு வாழையிலைத் துண்டு வைத்துவிட்டால், கடலூரிலிருந்து வடலூர் வரை எத்தனை வேகத்தடை வந்தாலும் சிந்தாது. பல கார்களில் பை மாட்டும் கொக்கி உண்டு. அது காய்கறிப் பைக்குச் சரி, தூக்குக்கு ஆகாது. அது எத்தனை கிலோ தாங்கும் என்று மானுவலில் போட்டிருப்பார்கள். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாமான் ஏற்றுவதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு வசதி இருக்கிறது, பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், 0, 1, 2 என்று எண் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்குவது அது. பின்னால் ஆளும் சாமானும் நிறைந்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீமே எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். நாம் டிம் பண்ணித்தான் ஓட்டுவோம், ஆனாலும் எதிரில் வருகிறவர் லைட்டைப் போட்டுப் போட்டுத் திட்டுவார். எண் கூடக் கூட வெளிச்சம் கீழே இறங்கும். சிதம்பரம் சாலையில் இரவில் போகிறவர்கள் அவசியம் பழகிக்கொள்ள வேண்டியது இது. டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. முழு லோடுக்குத் தனி அளவு கொடுத்திருந்தால், வெளியூர் கிளம்பும் முன் அதைப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்னதாகச் சில. எங்கள் வண்டியில் கப் ஹோல்டருக்குள் ஏசி காற்று வர ஒரு துவாரம் உண்டு, வெயிலில் இளநீர் பாட்டில் சில்லென்றே இருக்கும். காபி வைத்தால் அதுவும் சில்லென்று ஆகிவிடும், அது உங்கள் பாடு. மீட்டரில் பெட்ரோல் பங்க் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி முக்கோணம், டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்டுகிறது. விலை குறைவு என்று புதுச்சேரி பங்க்கில் வரிசையில் நிற்கும்போது இது உதவும். ரிமோட் சாவியின் பேட்டரி தீர்ந்துபோனால் பதற வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதைக் கொண்டு கதவைத் திறந்து, ஸ்டார்ட் பட்டனில் ரிமோட்டை ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்பிவிடும்.

மழைக்கு வருவோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கள் பக்கம் கார் வைத்திருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஏழு பேர் மூச்சு விட்டால் கண்ணாடி முழுக்கப் பனி பிடிக்கும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள், ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். குளிருக்கு அல்ல, ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுப்பதால்தான் போடச் சொல்கிறேன்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் செலவு எங்கோ போய் நிற்கும். இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். பல கார்களில் பம்பரில் சின்னதாக ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்தால் மரை தெரியும். டூல் கிட்டில் இருக்கும் இரும்பு வளையத்தை அதில் முறுக்கிக் கயிறு கட்ட வேண்டும். பம்பரில் நேரடியாகக் கட்டினால் பம்பர்தான் கையோடு வரும். இழுக்கும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை ஒரு நிலை திருப்பி வையுங்கள். இன்ஜின் ஓடாததால் பிரேக் கல் மாதிரி இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும்.

கேரியர் விஷயத்துக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒரு முறை எல்லாரும் சேர்ந்து திருப்பதி போவதற்காக மட்டும் என்றால் வேண்டாம். எடை மேலே ஏறினால் திருப்பத்தில் வண்டி சாயும், மைலேஜும் குறையும். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று முதலில் மானுவலில் பாருங்கள். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேரும்.