ஆர்பத்நாட் டெபாசிட் ரசீதுக்கு இன்று பணம் கிடைக்குமா?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது, 1904-இல் கொள்ளுத்தாத்தா சென்னை ஆர்பத்நாட் கம்பெனியில் 2,000 ரூபாய் போட்டதற்கான ரசீது கிடைத்தது. அதுதான் இன்றைய இந்தியன் வங்கி என்றும், வட்டியோடு பெருந்தொகை வாங்கித் தருவதாகவும் சொல்லி ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். 15,000 கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆர்பத்நாட் இந்தியன் வங்கியாக மாறவில்லை. வெள்ளைக்காரப் பங்குதாரர்கள் நடத்திய அந்த நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று கதவைச் சாத்தியது. லண்டன் கூட்டாளி மக்ஃபாடியன் ஊக வியாபாரத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டு, அதற்குச் சற்று முன்புதான் தற்கொலை செய்துகொண்டார். தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்றதால் 1907-இல் பிறந்தது இந்தியன் வங்கி. தனிப் பங்கு மூலதனத்தில் எழுந்த புதிய கம்பெனி அது; ஆர்பத்நாட்டின் கடன் எதையும் அது ஏற்கவில்லை. அந்த வீழ்ச்சியில் வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அதே ரசீதை வைத்து அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடமும் பணம் பறிப்பதைப் பொறுக்க முடியவில்லை.

'கேட்ட நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடும்' என்று அந்த ஆள் சொல்லியிருக்கக்கூடும். கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டுக்கு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 22-ஆம் இனம் அப்படித்தான் சொல்கிறது. கேட்டதிலிருந்து 3 ஆண்டு. ஆனால் கேட்பதற்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டுமே! ஆர்பத்நாட் திவாலானவுடன் அதன் சொத்துகள், திவாலானவர்களின் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் அதிகாரியான சென்னை உயர் நீதிமன்றச் சொத்தாட்சியர் கைக்குப் போயின. பணம் வரவேண்டியவர்கள் அங்கே தங்கள் கடனை நிரூபித்து, விற்றுக் கிடைத்ததில் பங்கு பெறுவதே அன்றைய வழி. அந்தக் கணக்கு முடிந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. ரிசர்வ் வங்கியின் உரிமை கோரப்படாத டெபாசிட் நிதியிலும் இதற்கு இடமில்லை. டெபாசிட் காப்பீடோ 1962-இல்தான் வந்தது.

கொடுத்த 15,000 ரூபாயை மீட்க வழி உண்டு. யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, காவல் நிலையத்தில் புகாரும் கொடுங்கள். ஏமாற்றிப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன்படி 7 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மூல ரசீதை யாரிடமும் கொடுக்காதீர்கள். அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதைத் திருப்பித் தரச் சொல்லியும் நோட்டீஸிலேயே கேளுங்கள்.