பிரகாரத்து நிழலுக்கு 18,000 ரூபாயா?

கேள்வி: புது வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டடிக்கு மூன்றடி. ‘லிமிடெட் எடிஷன்’ என்று 18,000 ரூபாய் சொல்கிறார்கள். அதே மாதிரிப் படம் கேன்வாஸில் 2,500க்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? — திருச்சி வாசகி

பதில்: கேன்வாஸ் வேண்டாம். அந்தப் பிரகாரத்தின் அழகே தூண்கள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் மறைவதுதான். கடைசித் தூண்களைத் துணியின் இழை விழுங்கிவிடும்.

அதற்காக 18,000ஐ உடனே எடுத்து நீட்டிவிடாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடம் எந்தப் பிரிண்டிலும் பளிச்சென்றுதான் இருக்கும். தூணின் நிழல் பக்கத்தைக் கவனியுங்கள். கல்லின் விளிம்பும் வேலைப்பாடும் மங்கலாகவாவது தெரிய வேண்டும். தார் பூசியதுபோல ஒரே கறுப்பாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். சரி, நிழல் தேறிவிட்டதா? படத்தை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், அப்புறம் டியூப்லைட்டுக்குக் கீழே. ஓரிடத்தில் பச்சையாகவும் இன்னோரிடத்தில் ஊதாவாகவும் அடித்தால், கலர் மைகளைக் கலந்துதான் சாம்பல் நிறத்தை ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

தாள் பருத்தியில் செய்ததா, மை பிக்மென்டா (நுண்ணிய நிறத்துகள் கொண்ட மை) என்று கேளுங்கள். சாதாரண டை மை, அதாவது கரைந்த சாயத்தாலான மை, வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். தாள் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இங்கிலாந்துத் தேவாலயங்களின் வெளிச்சத்தைப் படமெடுத்தே பெயர் வாங்கிய ஃபிரெடரிக் எவன்ஸ், முதல் உலகப் போர்க் காலத்தில் தான் பிரிண்ட் போட்டுவந்த பிளாட்டினம் தாள் (பிளாட்டினம் உப்பு பூசிய போட்டோ தாள்) கிடைப்பது அரிதானதும் படமெடுப்பதையே விட்டுவிட்டார்!

‘லிமிடெட்’ விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். படத்தின் ஓரத்தில் 3/25 என்று இருந்தால், 25 பிரதிகளில் இது மூன்றாவது. ஆனால் இந்த அளவில் 25, அடுத்த அளவில் இன்னொரு 25 என்று அடித்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. எல்லா அளவுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை என்று கேட்டு, அதையும் தாள், மை விவரத்தையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்த விலைக்கு அது வேண்டாம்.

பிரேம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவே மவுன்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டாதீர்கள், ஈரம் ஏறும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, பில் பத்திரம்.