தண்ணீர் விட்டும் வாடும் தக்காளி

அன்புள்ள அண்ணா,

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்குப் பின்னால் தக்காளி போட்டிருக்கிறேன். பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடி திடீரென்று தலை தொங்கிவிடுகிறது. இலை பழுப்பதில்லை, பச்சையாகவே வாடுகிறது. தண்ணீர் விட்டால் காலையில் கொஞ்சம் நிமிர்கிறது, வெயில் ஏறினால் மறுபடி தொங்கல். இரண்டு மூன்று நாளில் செத்துவிடுகிறது. போன வருடம் அதே இடத்தில் கத்தரியும் இப்படித்தான் போனது. பக்கத்து வீட்டுச் சேச்சி சுண்ணாம்பு போடச் சொல்கிறார். போடலாமா? வாடிய செடியின் காயைச் சமைக்கலாமா?

க.

அன்புள்ள க.,

கத்தரியைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் துப்பு. இரண்டையும் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் என்றே தோன்றுகிறது. எதற்கும் சோதித்துவிடுங்கள். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் நூல் நூலாக இறங்கினால் அதேதான். எதுவும் இறங்காமல், அடியிலை முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் பழுப்புக் கோடு தெரிந்தால் அது பூஞ்சை வாடல்.

செடிக்குத் தாகம் இல்லை. தண்டில் நீரேறும் குழாய்களைக் கிருமி அடைத்துவிட்டது. நீங்கள் கூடுதலாக விடும் தண்ணீர் அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். வாடிய செடிக்கு மருந்து கிடையாது. சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள், நடும்முன் நாற்றின் வேரை நனைக்க உதவும் (லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம்). வாடிய பிறகு ஊற்றுவது காசுக்குக் கேடு. வேர்மண்ணோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழிக்கு வேண்டாம். மற்றச் செடிகளின் அடியைக் கொத்திவிடாதீர்கள். வேரில் படும் காயம் வழியாகக் கிருமி எளிதாக நுழையும்.

சேச்சி சொன்னது கேரளத்தின் புளிப்பு மண்ணுக்குச் சரி. உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் உண்டு. அதில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கும். கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) கேட்டு மண்ணைப் பரிசோதித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கிருமி வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். அங்கே தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நிறுத்திவிட்டு மக்காச்சோளம் போடுங்கள். வேறு இடமே இல்லையென்றால், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்கள் இந்த நோயைத் தாங்குபவை. சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். நீங்களே கட்டுவதானால் சுண்டையை முன்கூட்டியே விதையுங்கள், அது மெதுவாக வளரும்.

காயைத் தாராளமாகச் சட்னி அரையுங்கள், இந்தக் கிருமி மனிதரை ஒன்றும் செய்யாது. விதைக்கு மட்டும் எடுத்து வைக்காதீர்கள்.