பிரபுவின் பொன்மொழிகளும் நீட்சேயும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜெர்மன் தத்துவஞானி நீட்சே அடிக்கடி குறிப்பிடும் லா ரோஷ்ஃபூகோ யார்?

பதில்: பிரெஞ்சுப் பிரபு (1613–1680). உள்நாட்டுக் கலகத்தில் போரிட்டு, 1652இல் முகத்தில் குண்டடிபட்டுப் பார்வையையே இழக்க இருந்தவர். பிறகு பாரிஸ் சீமாட்டிகளின் வரவேற்பறைகளில் பேசிப் பேசிச் செதுக்கிய வாசகங்கள் 1665இல் நூலாயின. 'நம் நற்குணங்கள் பெரும்பாலும் மாறுவேடமிட்ட தீய குணங்களே' என்பது அவற்றில் பேர்போனது.

கேள்வி: எல்லாம் தன்னலமே என்று பிரபுவே சொல்லிவிட்டாரே, நீட்சே புதிதாக என்ன சொன்னார்?

பதில்: 'பெரும்பாலும்' என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள், பிரபு அதை விடவில்லை. புகழ்ச்சியை மறுப்பது இரண்டாம் முறை புகழப்படும் ஆசை என்கிறார் அவர். 'நான் அப்படி என்ன செய்துவிட்டேன்' என்று மேடையில் கைகூப்புகிறவர் நினைவுக்கு வரவில்லையா? 1878இல் நீட்சே அதே கத்தியை விவிலியத்தின்மீது வைத்தார். 'தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான்' என்ற லூக்கா வாசகத்தை, 'உயர்த்தப்பட விரும்புகிறான்' என்று திருத்தினார். அதுவரை இருவரும் ஒரே கட்சி. 1881இல் வந்த நீட்சேயின் 'வைகறை' நூலின் 103ஆம் பகுதியில்தான் பாதை பிரிகிறது. மனிதர்கள் சொல்லிக்கொள்ளும் உயர்ந்த நோக்கம் அவர்களை உண்மையில் இயக்குவதில்லை என்பது பிரபு வழி ஐயம். அது பயனுள்ளதே என்று ஒப்புக்கொள்ளும் நீட்சே, அறம் சார்ந்த தீர்ப்புகளே பிழைகளின்மேல் நிற்கின்றன என்கிறார். பிரபு போலி நகையைக் காட்டிக்கொடுக்கும் பொற்கொல்லர். நீட்சே உரைகல்லையே சந்தேகிக்கிறவர்.

கேள்வி: அப்படியானால் எதையும் செய்யலாமா?

பதில்: அதே பகுதியைக் கடைசிவரை படியுங்கள். ஒழுக்கக்கேடு எனப்படும் பல செயல்களைத் தவிர்க்கத்தான் வேண்டும், ஆனால் இதுவரை சொல்லப்பட்ட காரணங்களுக்காக அல்ல என்கிறார். இந்த வரியை விழுங்கிவிட்டு நீட்சேயை மேற்கோள் காட்டுகிறவர்களே அதிகம்.

கேள்வி: இரக்கத்தின்மேல் இருவருக்கும் என்ன கோபம்?

பதில்: இரக்கத்தைக் காட்டினால் போதும், உள்ளே இடம் தரக்கூடாது என்று பிரபு தன்னைப் பற்றிய சொற்சித்திரத்தில் எழுதினார். நீட்சே இரக்கம் கேட்கிறவனை உற்றுப் பார்க்கிறார். பிறர் பரிதாபப்படட்டும் என்றே குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. நோயாளி தன் துன்பத்தை விரித்துரைக்கிறான். பிறரை நோகச் செய்யும் பலமாவது தனக்கு மிஞ்சியிருக்கிறதே என்பது அவனுக்கு ஆறுதல். கூர்மையான பார்வைதான், ஆனால் நோயாளிக்கு அநியாயம். நள்ளிரவில் தனியே முனகுகிறவனுக்குப் பார்வையாளர் யார்?

கேள்வி: எதை முதலில் படிப்பது?

பதில்: பிரபுவை. 1678ஆம் ஆண்டுப் பதிப்பில் 504 வாசகங்கள். ஒரே மூச்சில் படித்தால் திகட்டும். நாளுக்குப் பத்து போதும்.