பால்வீதி எப்படித் தட்டையானது?

கேள்வி: பெருவெடிப்புக்குப் பிறகு நெடுங்காலம் கேலக்ஸிகள் மோதிக் குழம்பிக் கிடந்தன என்று படித்தேன். அப்படியானால் பால்வீதி போன்ற தட்டையான, சுழலும் கேலக்ஸிகள் எப்போது, எப்படி வந்தன?
– ப்ளஸ் டூ மாணவி, தேனி

பதில்: மகளே, நான் படித்த நாளிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது என் மேசைமேல் ஒரு படம் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் தேடி, புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் கண்டெடுத்து 2025-இல் அறிவித்த கேலக்ஸி அது. பெயர் அலக்நந்தா. இந்தியில் பால்வீதிக்கு மந்தாகினி என்று ஒரு பெயர் உண்டு. அதே பெயருள்ள இமயத்து ஆற்றுக்குச் சகோதரி அலக்நந்தா. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது இந்தப் பெயர்.

உற்றுப் பார்த்தால் நடுவே வெளிச்சமான ஒரு குமிழ். அதைச் சுற்றி இரண்டு கைகள் வளைந்து போகின்றன. கைகள் நெடுக, நூலில் கோத்த மணிபோல, விண்மீன்கள் பிறக்கும் இடங்கள். குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டு. அன்று கிளம்பிய ஒளிதான் இப்போது நம்மை எட்டுகிறது; பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆகியிருந்தபோது இத்தனை ஒழுங்கு!

சரி, தட்டு எப்படி வந்தது? கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் ஈர்ப்பில் வாயு உள்ளே விழுகிறது. அக்கம்பக்கத்து ஈர்ப்பு இழுத்ததில் அதற்கு ஏற்கெனவே லேசான சுழற்சி இருக்கும். திருவிழாக் கூட்டம் பிரகாரத்தைச் சுற்றும்போது குறுக்கே புகுந்தவர் இடிபட்டு இடிபட்டுக் கடைசியில் கூட்டம் போகிற பக்கமே நடக்கத் தொடங்கிவிடுவார் அல்லவா? வாயுவும் அப்படித்தான். மேலும் கீழுமாகப் பாய்ந்த வாயு மோதிச் சூடாகி, அந்தச் சூட்டை ஒளியாக வெளியே விட்டு அடங்கிவிடுகிறது. சுழற்சியை அப்படி வெளியே விட வழியில்லை. அதனால் வாயு தட்டாகப் படிகிறது.

ஆனால் முதலில் வந்த தட்டு தடிமனானது. வானியலாளர் டகாஃபுமி சுகுயி குழுவினர் 111 கேலக்ஸிகளை விளிம்புப் பக்கமாகப் பார்த்து 2025-இல் சொன்னது இதுதான்: முதலில் தடித்த தட்டு, அப்புறம் அதற்குள்ளே மெல்லிய தட்டு. ஆரம்பத்தில் வாயு ஏராளம். உலைபோலக் கொதித்துக் கலங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கலக்கத்தில் பிறந்த விண்மீன்கள் வாயுபோல மோதி அடங்குவதில்லை, இன்னமும் மேலும் கீழுமாக அலைகின்றன. வாயு குறைந்து அமைதியானதும் பிறந்தவை மெல்லிய தட்டில் அமர்ந்தன. பால்வீதி போன்றவற்றில் இது சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. நம் சூரியனும் மெல்லிய தட்டில்தான் இருக்கிறது.

அலக்நந்தா எவ்வளவு அமைதியாகச் சுழல்கிறது என்று அறியப் படம் போதாது, நிறமாலை வேண்டும்; அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வேகத்தை அளக்க வேண்டும். ஏறக்குறைய அதே காலத்து உல்ஃப் தட்டு என்ற கேலக்ஸிக்கு அந்த வேலை முடிந்துவிட்டது. சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கிகளால் அளந்து 2020-இல் அறிவித்தார்கள். அதன் வாயு நொடிக்கு 272 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. நம் சூரியன் பால்வீதியைச் சுற்றுவதைவிட வேகமாக.