வீட்டுவசதி பற்றி ஊடகப் பயிலரங்கு: நெறியாளராக யாரை அமர்த்துவது?

கேள்வி: வீட்டுரிமைக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வீட்டுவசதி பற்றி இரண்டு நாள் ஊடகப் பயிலரங்கு நடத்த நிதி கிடைத்திருக்கிறது. நடத்தித் தர வெளியிலிருந்து ஒரு நெறியாளரை அமர்த்த வேண்டும். நகரமைப்புப் பேராசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர் ஒருவர், எல்லாத் தலைப்புகளிலும் பயிற்சி நடத்தும் தொழில்முறைப் பயிற்றுநர் ஒருவர் என மூன்று விண்ணப்பங்கள் கையில் உள்ளன. யாரை எடுப்பது? ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: பயிலரங்கில் உட்காரப் போகிறவர்கள் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. செய்தியாளர்களா, அல்லது ஊடகத்தோடு பேசப் பழக வேண்டிய உங்கள் ஊழியர்களும் குடியிருப்போர் சங்கத்தினருமா? இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் தேவை. நிதி விண்ணப்பத்தில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, பிறகு இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் செய்தியாளர்கள் அதைப் பத்திரிகையாளர் சந்திப்பாக எடுத்துக்கொள்வார்கள், உங்கள் ஆட்கள் வாயே திறக்க மாட்டார்கள். தயவுசெய்து பிரித்துவிடுங்கள். வரப்போவது செய்தியாளர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

அப்படியானால் என் தேர்வு செய்தி ஆசிரியர்தான். பேராசிரியரை முதல் நாள் காலையில் ஒரே ஓர் அமர்வுக்குக் கருத்தாளராக அழையுங்கள். பயிற்றுநருக்குக் கூட்டத்தைச் சோர்வடையாமல் வைத்திருக்கத் தெரியும். ஆனால் ஒருவர் எழுதிய செய்தியை வாங்கிப் பார்த்து, எது இங்கே விடுபட்டிருக்கிறது என்று சொல்ல அவரால் முடியாது. உங்கள் பயிலரங்கின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

காரணத்தையும் சொல்கிறேன். வீட்டுவசதி பற்றித் தகவல் கிடைக்காமல் செய்தியாளர்கள் திண்டாடுவதில்லை. அறிவிப்புகளும் அறிக்கைகளும் குவிகின்றன. அவற்றுக்குள் செய்தி எங்கே இருக்கிறது, அதை ஆசிரியர் குழு ஏற்கும்படி எப்படி எழுதுவது என்பதில்தான் சிக்கல். 'ஏழைகளுக்கு 5,000 வீடுகள்' என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நெறியாளர் அதைப் பலகையில் எழுதிவிட்டு உரையாற்றத் தொடங்க மாட்டார். இந்த 5,000 எந்தக் கட்டத்து எண் என்று கேட்பார். ஒப்புதல் தரப்பட்டவையா, கட்டத் தொடங்கியவையா, கட்டி முடித்தவையா, ஒப்படைத்தவையா, இல்லை, குடும்பங்கள் இப்போது உண்மையில் குடியிருப்பவையா? ஒவ்வொரு கட்டத்திலும் எண் குறைந்துகொண்டே வரும். எங்கே, எதனால் குறைந்தது என்று தேடிப் போனால் அதுவே செய்தி. பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் செய்தியாளர் அடுத்த அறிவிப்பு வந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்டாலே உங்கள் பணம் வீண்போகவில்லை என்று சொல்லலாம்.

கணக்கையும் அவர் அறையிலேயே போட வைக்க வேண்டும். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் கட்டுப்படியாகிறது என்பது பல நாடுகளில் புழங்கும் அளவுகோல். ஒரு குடும்பத்தின் வருமானம் 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் வாடகை 32. நகருக்கு வெளியே தரப்படும் புது வீட்டில் 18 தான். அளவுகோலின்படி பார்த்தால் குடும்பத்துக்கு விடிவு வந்துவிட்டது. ஆனால் நகருக்குள் 4 ஆக இருந்த போக்குவரத்துச் செலவு இப்போது 20 ஆகிறது. இரண்டையும் கூட்டினால் முன்பு 36, இப்போது 38. மலிவான வீட்டுக்குப் போன குடும்பத்தின் கையில் முன்பைவிடக் குறைவாகவே மிஞ்சுகிறது. தவிர, மிகக் குறைந்த வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுத்தால் மீதியில் சாப்பாட்டுக்கே போதாது. பெரும் வருமானத்தில் 40 சதவீதம் போனாலும் யாரும் பட்டினி கிடப்பதில்லை. இந்தக் கணக்கைச் செய்தியாளரே பேனா பிடித்துப் போட்டால் மறக்கவே மாட்டார்.

பேராசிரியரின் அமர்வுக்கும் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1991-இல் வெளியிட்ட 4-ஆம் பொதுக் கருத்துரை, போதுமான வீட்டுவசதிக்கு ஏழு கூறுகளைச் சொல்கிறது. குடியிருப்புக்கான சட்டப் பாதுகாப்பு, தண்ணீர் முதலான அடிப்படை வசதிகள், கட்டுப்படியாகும் செலவு, வாழத் தகுந்த நிலை, எல்லோரும் அணுகக்கூடியதாக இருப்பது, அமைவிடம், பண்பாட்டுப் பொருத்தம் என்பவை அவை. விலை அதில் ஒன்று மட்டுமே. இதை ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். களத்துக்குப் போகும்போது கேள்விப் பட்டியலாகப் பயன்படும்.

சரி, செய்தி ஆசிரியர் என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பழைய அனுபவங்களைச் சொல்லியே இரண்டு நாளையும் ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு. அரை நாளுக்கான அமர்வுத் திட்டம் ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் பங்கேற்பாளர்கள் என்ன செய்வார்கள் என்று இருக்கிறதா, அல்லது தான் என்ன பேசுவேன் என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இளம் செய்தியாளர் ஒருவர் எழுதிய செய்தியைத் திருத்திய மாதிரி இருந்தால், பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். பரிந்துரைக்காகப் பேசும்போது முந்தைய ஏற்பாட்டாளர்களை விட்டுவிட்டு, அந்தப் பயிலரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களிடம் விசாரியுங்கள். ஏற்பாட்டாளர் எப்போதும் நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்வார். கட்டுமான நிறுவனத்துக்கோ கட்சிக்கோ அவர் ஆலோசகராக இருக்கிறாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நேர்காணலில் இந்த ஒரு கேள்வியை விடாதீர்கள்: பங்கேற்பாளர் ஒருவர் எழுந்து, 'ஆக்கிரமித்து உட்கார்ந்தவர்களுக்கு எதற்கு வீடு?' என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? கேட்டவரைக் கண்டித்து அடக்குவேன் என்பவர் வேண்டாம். நழுவி அடுத்த தலைப்புக்குப் போகிறவரும் வேண்டாம். நிலம் யாருடையது, இவர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது, இவர்களுடைய உழைப்பு எங்கே தேவைப்படுகிறது என்று அந்தக் கோபத்தையே விசாரிக்க வேண்டிய கேள்விகளாக மாற்றிக் காட்டுபவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி எப்படியும் வரும். வாசகர்கள் மனதிலும் அதுதான் இருக்கிறது.

பாதிக்கப்பட்ட குடும்பங்களை அழைத்துப் பேச வைக்க நினைத்திருப்பீர்கள். இதில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். வெளியேற்றும் அச்சத்தில் இருக்கும் ஒருவரின் பெயரும் முகமும் தெருவும் அச்சில் வந்தால், மறுநாள் அவருக்கு என்ன நேரும் என்று யோசித்திருக்கிறீர்களா? எதைப் பதிவு செய்யலாம், எதைக் கூடாது என்பதை பேச வரும் குடும்பத்தினரிடம் முந்தின நாளே தனியாகக் கேட்டு, நெறியாளர் அமர்வின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பேசி முடித்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. பேட்டி எடுக்கும் பயிற்சிக்கு அவர்களைப் பயன்படுத்தாதீர்கள்; செய்தியாளர்கள் ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழகட்டும். இழந்த ஒரு நாள் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் நீங்கள் கொடுத்துவிடுங்கள், கொடுத்ததைச் செய்தியாளர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி ஒப்பந்தம். இரண்டு நாள் பயிலரங்கு என்றால் ஊதியம் இரண்டு நாளுக்கு மட்டும் இல்லை. தயாரிப்புக்குக் குறைந்தது இரண்டு நாள், அறிக்கைக்கு ஒரு நாள், அப்புறம் பங்கேற்பாளர்கள் எழுதி அனுப்பும் செய்திகளைத் திருத்தித் தர ஒரு மாதத்துக்குச் சில மணி நேரம். இவை எல்லாவற்றையும் எழுதி, பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள்: கையெழுத்தானதும், அமர்வுத் திட்டம் வந்ததும், அறிக்கை தந்ததும். எந்தத் தரப்பு எப்போது விலகினால் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். பாடக் குறிப்புகளை மறுபடி பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதற்கு ஒரு வரி போதும். பங்கேற்பாளர் 20 பேரைத் தாண்டினால் இன்னொரு நெறியாளருக்கும் நிதி ஒதுக்குங்கள். ஒருவரால் அத்தனை பேர் எழுதும் செய்திகளையும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

பயிலரங்குக்குப் பின் இத்தனை செய்திகள் வெளிவர வேண்டும் என்று நிதி தருபவர்கள் கேட்பார்கள். எண்ணிக்கையைக் கண்காணிக்கலாம், தவறில்லை. ஆனால் உங்கள் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும், உங்கள் கருத்து வர வேண்டும், வெளியிடும் முன் உங்களிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளை நெறியாளர் மீதோ பங்கேற்பாளர் மீதோ சுமத்தாதீர்கள். நேர்மையான ஆசிரியர் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார். உங்கள் திட்டத்தையே விமர்சித்து ஒரு செய்தி வந்தாலும், அது சரியான கணக்கோடு வந்திருந்தால் பயிலரங்கு வேலை செய்திருக்கிறது.

தேதியையும் யோசியுங்கள். அக்டோபர் மாத முதல் திங்கட்கிழமையை ஐ.நா. 1986 முதல் உலக வாழ்விட நாளாகக் கடைப்பிடிக்கிறது. வீட்டுவசதிச் செய்திக்கு ஆசிரியர் குழுக்கள் எளிதாக இடம் தரும் நாள் அது. ஆகஸ்ட் கடைசியில் பயிலரங்கை வைத்தால், களத்துக்குப் போய்வந்து எழுதவும் நெறியாளர் திருத்தித் தரவும் ஒரு மாதம் கிடைக்கும். அதற்கு ஜூன் முடிவதற்குள் ஆளை உறுதி செய்துவிட வேண்டும்.